பட்சிராஜனின் வழக்கும் சிட்டுக்குருவியின் சாட்சியமும்

"சிட்டுக்குருவி ஏன் குறைந்துவிட்டது?"

இக்கேள்வியைத் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளி வகுப்பில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "செல்போன் கோபுரத்தால்தான் சார்!" என்று பல குரல்கள் ஒரே சமயத்தில் எழும். மாணவர்கள் மட்டுமல்லர், அவர்களுடைய பெற்றோரும், சில சமயம் ஆசிரியரும்கூட இதே விடையைத்தான் தருவர். இவ்வளவு உறுதியாக, இவ்வளவு பேர் அறிந்துள்ள விஞ்ஞானச் செய்தி வேறொன்று உண்டா என்பதே சந்தேகம். ஆனால் இந்த விடை சரியானதுதானா?

இந்த எண்ணம் ஏற்கெனவே மக்களிடையே உலவி வந்ததுதான். எனினும் அதற்கு முகமும் குரலும் கண்ணீரும் கொடுத்து வீடுதோறும் கொண்டுசேர்த்த பெருமை, 2018 நவம்பர் 29ஆம் நாள் வெளிவந்த '2.0' திரைப்படத்தையே சேரும். இயக்குநர் ஷங்கரின் இப்படத்தை இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். படத்தில் வரும் பறவையியல் அறிஞர் பட்சிராஜனை இன்றும் பலர் மறக்கவில்லை. ஒரு விஞ்ஞானப் பத்திரிகை திரைப்படத்தை விமர்சிப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நம் நாட்டில் பறவைகளின் அழிவைப் பற்றிப் பொதுமக்கள் கொண்டுள்ள கருத்தை ஒரு பாடநூலோ ஓர் ஆராய்ச்சி அறிக்கையோ இந்த அளவு உருவாக்கியதில்லை. ஆகவே இப்படத்தை ஒரு விஞ்ஞானக் கூற்றாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வது நமது கடமையாகும்.

படம் சாதித்தது என்ன?

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். வெள்ளைத் தாடியும் மூக்குக் கண்ணாடியுமாக, பறவைகளுக்காகவே வாழும் ஒரு முதியவரைத் தமிழ்ப் படம் ஒன்று கதையின் நடுவில் நிறுத்தியது சாதாரணச் செயலன்று. அவரைப் பார்க்கும்போது இந்தியப் பறவையியலின் தந்தையெனப் போற்றப்படும் சலீம் அலியின் நினைவு வராமல் இராது. பறவைகள் பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கின்றன. பறவையினம் அழிந்தால் மனிதனும் நெடுநாள் வாழ முடியாது என்று அவர் வாதாடுகிறார். அந்த வாதம் அடிப்படையில் சரியானதே. இவ்வுலகம் மனிதனுக்கு மட்டும் உரியதன்று என்ற கருத்தைக் கொட்டகை நிறைந்த கூட்டம் அமைதியாகக் கேட்டது. எத்தனையோ கருத்தரங்குகள் செய்யாத காரியம் இது.

செல்போன்கள் பறந்து ஒன்றாய்த் திரண்டு இராட்சதப் பறவையாக உருவெடுப்பதையோ, மாண்ட மனிதரின் சக்தி பழிவாங்குவதையோ குறைகூறுவது நம் நோக்கமன்று. அவை கற்பனை என்பதைச் சிறு குழந்தையும் அறியும். கற்பனைக்கு இயற்பியல் விதிகளைக் காட்டி அபராதம் போடுவது விமர்சனம் ஆகாது.

நமது ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. பட்சிராஜனின் பழைய வாழ்க்கையைக் காட்டும் பகுதியில், செல்போன் கோபுர அலைகளே பறவைகளைக் கொல்கின்றன என்பது கற்பனையாக அன்று, தகவலாகவே தரப்படுகிறது. படம் பார்த்து வெளியே வந்தவர்கள் பறக்கும் செல்போனை அங்கேயே விட்டுவிட்டு, இந்தத் 'தகவலை' மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். ஆகவே இந்தத் தகவலைத்தான் நாம் உரசிப் பார்க்க வேண்டும்.

லண்டன் பூங்காவில் ஒரு கணக்கு

ஒருவர்மேல் குற்றம் சாட்டினால், குற்றம் நடந்த வேளையில் அவர் அங்கே இருந்தாரா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் விசாரிக்கும். செல்போனின் மீதான வழக்கையும் அவ்விதமே தொடங்குவோம்.

லண்டன் நகரின் நடுவே கென்சிங்டன் தோட்டம் என்ற பெரிய பூங்கா இருக்கிறது. 1925ஆம் ஆண்டு மாக்ஸ் நிக்கல்சன் என்ற இளைஞர் தம் சகோதரருடன் சேர்ந்து அங்குள்ள சிட்டுக்குருவிகளை எண்ணினார். அவர்கள் கண்ட தொகை 2,603. பின்னர் வெவ்வேறு ஆண்டுகளில் அதே பூங்காவில் மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தனர். 1948இல் 885 குருவிகள், 1975இல் 544, 2000ஆம் ஆண்டில் வெறும் 8!

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 1925க்கும் 1975க்கும் இடையே ஐந்தில் நான்கு பங்குக் குருவிகள் மறைந்துவிட்டன. பிரிட்டனில் செல்போன் சேவை தொடங்கியதோ 1985இல்தான். குற்றவாளி பிறப்பதற்கு முன்னரே குற்றத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிட்டது!

அப்படியானால் காரணம் யாது? 1920களில் லண்டன் தெருக்களிலிருந்து குதிரை வண்டிகள் விடைபெற்று மோட்டார் வண்டிகள் பெருகின. குதிரைக்கு வைக்கும் தானியத்தில் சிந்தியதும், சாணத்தில் செரியாமல் எஞ்சிய தானியமும் குருவிக்கு நாள்தோறும் கிடைத்த விருந்து. வண்டியோடு விருந்தும் போயிற்று. பிற்காலத்தில் ஏற்பட்ட சரிவைப் பற்றி இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஆராய்ந்தனர். தாய்க்குருவி தானியம் தின்னும் பறவையானாலும், முட்டையிலிருந்து வந்த முதல் சில நாட்களில் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டுகிறது. புல்லும் புதரும் குறைந்து பூச்சிகள் அருகிய இடங்களில் குஞ்சுகள் போதிய உணவின்றி மடிந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர்.

அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. 'பூச்சிதான் காரணமா?' என்பதையும் சோதித்தனர். லண்டன் புறநகர்ப் பகுதிகளில் குருவிகளுக்குப் புழுக்களைக் கூடுதலாக வைத்துப் பார்த்தபோது, பிழைத்த குஞ்சுகளின் எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் முதிர்ந்த குருவிகளின் தொகை அதற்கேற்பப் பெருகவில்லை. அதாவது, பூச்சிக் குறைவு ஒரு காரணமே தவிர ஒரே காரணமன்று. இதுதான் விஞ்ஞானத்தின் நடை. தான் கண்டுபிடித்த காரணத்தையே அது மீண்டும் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறது. பட்சிராஜனோ தன் முடிவை ஒருமுறைகூடச் சந்தேகிப்பதில்லை.

சேர்ந்து வருவதும் காரணமாவதும்

"செல்போன் அலை பறவைகளைப் பாதிப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றனவே?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்பெயினிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வுகள் இரண்டு 2007இல் வெளிவந்தன. மின்காந்த அலை வலுவாக உள்ள இடங்களில் குருவிகள் குறைவாகக் காணப்பட்டன என்பது அவற்றின் முடிவு. நம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் 2010இல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அக்குழு ஏற்கெனவே வெளிவந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்து, முன்னெச்சரிக்கையும் மேற்கொண்டு ஆராய்ச்சியும் தேவை என்று கூறியது.

ஆனால் 'சேர்ந்து காணப்படுவது' வேறு, 'காரணமாக இருப்பது' வேறு. கோபுரங்கள் எங்கே நெருக்கமாக நிற்கின்றன? கட்டடங்களும் மக்களும் நெருங்கிய இடத்தில்தான். அதே இடத்தில்தான் ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டன, முற்றங்கள் மூடப்பட்டன, வேலிப் புதர்கள் மதில்களாயின, மளிகைக் கடையின் தானிய மூட்டைகள் பிளாஸ்டிக் பொட்டலங்களாயின. இத்தனை மாற்றங்களும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் நிகழும்போது, கோபுரத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கைகாட்டுவது எப்படி? கோழி கூவியதும் பொழுது விடிகிறது என்பதால், கோழிதான் சூரியனை அழைத்து வந்தது என்று சொல்லலாமா?

அலையின் இயல்பையும் கவனிக்க வேண்டும். செல்போன் அலைகள் எக்ஸ் கதிர்களைப் போல மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் பெற்றவை அல்ல. மேலும், ஒரு மூலத்திலிருந்து பரவும் அலையின் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் செறிவு நான்கில் ஒன்றாகும். பத்து மடங்கு தள்ளி நின்றால் நூறில் ஒன்றாகும். கோபுரங்களின் அலை அளவுக்குச் சர்வதேச நெறிமுறை கூறும் உச்ச வரம்பில் பத்தில் ஒரு பங்கையே 2012 செப்டம்பர் முதல் இந்தியா அனுமதித்தது.

இதனால், மின்காந்த அலை பறவையை எவ்விதத்திலும் தொடாது என்று கூறிவிட முடியாது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2014இல் வெளியாயிற்று. வலசை செல்லும் ராபின் பறவைகள் பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசை அறிபவை. நகரத்தின் மின்காந்த இரைச்சல் அத்திறனைக் குலைத்துவிடுவதை ஆராய்ச்சியாளர்கள் திருத்தமான சோதனைகளால் நிரூபித்தனர். ஆயின் குழப்பம் விளைவித்தவை செல்போன் அலைவரிசைகள் அல்ல. மத்திய அலை வானொலியும் மின்கருவிகளும் எழுப்பும் மிகக் குறைந்த அதிர்வெண் அலைகளே. பறவைகள் இறக்கவும் இல்லை; திசைதான் தடுமாறின. உண்மை, திரைக்கதையைவிட நுட்பமானது. ஒரு விதத்தில் அதைவிடச் சுவையானதும்கூட.

தவறான காரணத்தின் விலை

"காரணம் எதுவாயினும் மக்களுக்குப் பறவைமீது பரிவு பிறந்ததே, அது போதாதா?" என்று சிலர் கேட்பர். போதாது. நோயைத் தவறாகக் கணித்த மருத்துவரின் பரிவு நோயாளியைப் பிழைக்க வைக்காது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோகமான சான்று உண்டு.

செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தின் மலைக்கோயிலுக்கு நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் வைக்கும் பொங்கலை உண்டு சென்றதைப் பெரியவர்கள் பலர் நேரில் கண்டிருப்பர். மஞ்சள் முகமும் வெள்ளை உடலும் கொண்ட அவை பிணந்தின்னிக் கழுகுகளில் ஓரினம். 1990களில் அந்த வருகை நின்றுவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் நாடு முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் மறைந்துகொண்டிருந்தன. இராஜஸ்தானத்தின் பரத்பூர் சரணாலயத்தில் 1987-88இல் வெண்முதுகுக் கழுகின் 353 கூடுகளை எண்ணியிருந்தனர். 2003 வாக்கில் அங்கே ஒரு கூடுகூட இல்லை. இந்தியாவில் அந்த இனம் 1992க்கும் 2007க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று.

தொடக்கத்தில் பல காரணங்கள் கூறப்பட்டன. இரை போதவில்லை என்றனர் சிலர். பூச்சிமருந்து என்றனர் வேறு சிலர். ஏதோ ஒரு வைரஸ் நோய் என்றனர் மற்றும் சிலர். இந்த விவாதத்தில் ஆண்டுகள் ஓடின. பாகிஸ்தானில் ஆராய்ந்த ஒரு குழு, இறந்த கழுகுகளின் உடலை அறுத்துச் சோதித்து, 2004இல் உண்மையான காரணத்தை வெளியிட்டது. மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் டைக்ளோஃபினாக் என்ற மருந்தே அது! அம்மருந்து உடலில் தங்கியிருக்க மாடு இறந்தால், அதன் இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்மையாகப் படிந்து, சில நாட்களில் அது இறந்துவிடும்.

காரணம் தெரிந்ததும் பரிகாரமும் தெரிந்தது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பைத் தடை செய்தது. அதற்கு மாற்றாகக் கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து இருப்பதும் கண்டறியப்பட்டது. கழுகுக்குக் கேடு தரும் வேறிரு கால்நடை மருந்துகள் 2023இல் தடை செய்யப்பட்டன. நம் மாநிலத்தில் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள கழுகுகளுக்கு இன்றுள்ள நம்பிக்கை இதுதான். இங்கே ஒரு மாட்டுக்காரரும் ஒரு கால்நடை மருத்துவரும் எந்த ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது, ஓர் இனத்தின் வாழ்வையே தீர்மானிக்கிறது. கோபுரத்தைச் சபித்துக்கொண்டு அவர்கள் அதே மருந்தைத் தொடர்ந்திருந்தால்? நம் பரிவால் ஒரு கழுகைக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது.

குருவி உண்மையில் என்ன ஆயிற்று?

இனி சிட்டுக்குருவியின் சாட்சியத்தைக் கேட்போம். 2012இல் குருவியைப் பற்றி மக்களிடமே கேட்டறியும் முயற்சி ஒன்று நாடு தழுவி நடந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர், தம் ஊரில் குருவி உண்டா, முன்பு இருந்ததா என்று எழுதி அனுப்பினர். பின்னர் 2020இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வெளிவந்தது. 15,500 பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு 867 இனங்களின் நிலையை அது கூறியது.

அதன்படி, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குருவி குறைந்திருக்கிறது. ஆனால் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 25 ஆண்டுகளுக்கும் மேலாக அதன் தொகையில் பெரும் மாற்றம் இல்லை! செல்போன் கோபுரங்கள் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் முளைத்த காலம் அதுவேதான் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பின் ஏன் நாம் குருவி அழிந்துவிட்டதாகவே நம்புகிறோம்? இதில் மனித மனத்தைப் பற்றிய ஒரு பாடம் அடங்கியுள்ளது. அடைக்கலக் குருவி என்ற பெயருக்கேற்ப அது நம் வீட்டுக்குள் வாழ்ந்தது. சுவரில் மாட்டிய படத்தின் பின்னால் கூடு கட்டியது. நகரத்து வீட்டைவிட்டு அது போனது குடும்பத்தில் ஒருவர் போனது போலத் தெரிந்தது. அதே பத்தாண்டில் நம் சட்டைப் பைக்குள் செல்போன் வந்தது. ஒன்று போனதும் மற்றொன்று வந்ததும் நினைவில் அருகருகே நிற்பதால், ஒன்றை மற்றொன்று துரத்தியதாக மனம் முடிச்சுப் போட்டுவிட்டது.

வீட்டுக்கு வெளியே மறைபவற்றை நாம் பார்ப்பதேயில்லை. 2023இல் வெளிவந்த இரண்டாவது அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நெடுங்காலப் போக்கைக் கணிக்கப் போதிய விவரம் கிடைத்தவை 338 இனங்கள். அவற்றில் 60 சதவீதம் குறைந்துள்ளன. வயல்வெளி மின்கம்பியில் அமர்ந்து, பறக்கும்போது நீல இறகை விசிறிக் காட்டுமே, அந்தப் பனங்காடை 12 ஆண்டுகளில் சுமார் 30 சதவீதம் குறைந்துவிட்டது. பனங்காடைக்காக யாராவது ஒரு துளி கண்ணீர் விட்டார்களா? அதற்காக ஒரு படம் எடுத்தார்களா?

மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி 1995இல் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்டதையே இயற்கையின் முழு அளவு என்று கொள்கிறது. அதற்கு முன் இழந்தவை அதன் கணக்கில் வருவதில்லை. பனங்காடையைப் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைக்கு, பனங்காடை இல்லாத வயலே முழுமையான வயலாகத் தோன்றும். அளவுகோலே சுருங்கிவிட்டால், துணி குறைந்ததை எதைக் கொண்டு அளப்பது?

அலை அன்று, கம்பி

படத்தைப் போலவே நாமும் ஒரு கோபுரத்தைத் தேடினால், அது வேறோரிடத்தில் உண்மையாகவே நிற்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் வாழ்ந்த கானமயில் இன்று நாடு முழுவதிலும் இருநூறுக்கும் குறைவாகவே உள்ளது. பெரும்பாலானவை இராஜஸ்தானத்தில் இருக்கின்றன. உடல் கனத்த அப்பறவையால் நேர் எதிரே உள்ளதைச் சரியாகப் பார்க்க முடியாது. எனவே உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி இறக்கிறது. தார்ப் பாலைவனத்தில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 84,000 பறவைகள் மின்கம்பிகளால் மடிவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. கொல்வது கண்ணுக்குத் தெரியாத அலை அன்று, கண்ணுக்குத் தெரியும் கம்பி.

அதைவிடப் பெரிய காரணம் புல்வெளியின் அழிவு. நம் நாட்டு நிலக் கணக்கில் புல்வெளிகளில் பல 'தரிசு' என்ற பெயரால் குறிக்கப்படுகின்றன. தரிசைப் பார்த்தால் நமக்குக் கை துறுதுறுக்கிறது. மரக்கன்று நட ஓடுகிறோம். இயற்கை என்றாலே மரம்தான் என்ற எண்ணம், செல்போன் கதையைவிட ஆழமாக வேரூன்றியது. புல்வெளியில் மரத்தை நிரப்பினால் அங்கு தரையில் முட்டையிடும் வானம்பாடிக்கும் கௌதாரிக்கும் இடமில்லாமல் போகும். நல்லெண்ணத்தோடு நட்ட கன்றே ஒரு பறவையின் வீட்டை இடித்துவிடுகிறது. எதை மீட்கிறோம் என்பதை அறியாமல் செய்யும் மீட்புப் பணிக்கு இது ஓர் உதாரணம்.

படத்தில் இல்லாத மனிதர்கள்

'2.0' படத்தின் மிகப் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. அதில் பொதுமக்களுக்குத் தரப்பட்ட வேடம் என்ன? செல்போனைப் பறிகொடுத்து அலறும் கூட்டம், அவ்வளவே. பட்சிராஜன் ஒருவரே பறவையை நேசிக்கிறார். மற்றவர் எல்லாரும் குற்றவாளிகள். செல்போன் வியாபாரியும், கோபுர முதலாளியும், மந்திரியும் பயங்கரமாகத் தண்டிக்கப்படுகிறார்கள். பார்ப்பவர் மனம் ஆறுகிறது. ஆனால் அந்தத் தண்டனையால் ஒரு குருவிக்கேனும் ஒரு கூடு கிடைத்ததா? வில்லன் தண்டனை பெற்றதும், நமக்குச் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறோம். தொலைவில் உள்ள ஒற்றை எதிரியைக் காட்டும் கதையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

படம் எடுத்தவர்கள் சென்னையிலிருந்து சற்றே தெற்கே சென்றிருந்தால் வேறு மனிதர்களைக் கண்டிருக்கலாம். வேடந்தாங்கல் மக்கள் 1798ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் முறையிட்டு, தம் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாதென்று எழுத்து மூலம் உரிமை பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. மக்கள் அவற்றை விரட்டுவதில்லை. சிவகங்கைப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இவர்கள் எவரும் பட்சிராஜனைப் போல் உயிரை விடவில்லை. பறவைகளோடு வாழ்ந்து காட்டினர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2023ஆம் ஆண்டு அறிக்கைக்கு 30,000 பறவை ஆர்வலர்கள் மூன்று கோடிப் பதிவுகளை அனுப்பினர் என்றால், அவற்றில் பலவற்றை எதன் மூலம் அனுப்பினர்? கையிலிருந்த செல்போன் மூலமாகத்தான்! பட்சிராஜன் வில்லனாகக் கண்ட அதே கருவி, பறவையின் நிலையை அறிய உதவும் ஏடாகிவிட்டது.

இத்தகைய பதிவுகளை நம்பலாமா என்ற ஐயம் எழலாம். ஆர்வலர்கள் ஊருக்கு அருகிலேயே அதிகம் சுற்றுவர். ஒருவர் கூர்ந்து பார்ப்பார், மற்றவர் பார்க்கமாட்டார். ஆகவே விஞ்ஞானிகள் மொத்தப் பறவைகளைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆர்வலர்கள் தந்த நூறு பட்டியல்களில் எத்தனை பட்டியலில் ஓர் இனம் இடம் பெற்றது என்று பார்க்கின்றனர். அந்த விகிதம் ஆண்டுக்காண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே அளவுகோல். பார்க்காத பறவையைப் பார்த்ததாக எழுதாமல், பார்த்ததனைத்தையும் விடாமல் எழுதும் நேர்மைதான் இதற்கு வேண்டிய தகுதி. பட்டம் தேவையில்லை.

வாசகர்கள் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும். மாணவர் மன்றம் ஒன்று தன் ஊர்க் குளக்கரையில் பத்தாண்டுகள் விடாமல் இதனைச் செய்தால், அந்த ஊருக்கு ஒரு 'கென்சிங்டன் தோட்டக் கணக்கு' கிடைத்துவிடும்.

நகரத்து வீட்டில் குருவியை மீண்டும் காண விரும்புவோர், தாழ்வாரத்தில் சுமார் 3 சென்டிமீட்டர் துளையுள்ள மரப்பெட்டி ஒன்றைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டலாம். ஆனால் பெட்டி மட்டும் போதாது. குஞ்சுக்குப் பூச்சி வேண்டும். அதற்கு மருந்து அடிக்காத புதர்ச்செடி ஒரு மூலையிலாவது வேண்டும். புழுதியில் குளிக்கச் சிமென்ட் பூசாத மண்ணும், ஒரு சட்டியில் தண்ணீரும் வேண்டும். இவற்றைச் செய்து, என்ன நடந்தது என்பதையும் தேதியிட்டு எழுதி வையுங்கள். குருவி வராவிட்டாலும் எழுதி வையுங்கள். வராததும் ஒரு விவரமே.

சலீம் அலியின் இளமைக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சிறுவனாக இருந்தபோது அவர் தம் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. அது என்ன பறவை என்று தெரியவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தியப் பறவையியலின் பெரும் வாழ்க்கை தொடங்கியது. 1985இல் அவர் எழுதிய சுயசரிதைக்கும் 'ஒரு குருவியின் வீழ்ச்சி' என்ற பொருள்படவே பெயரிட்டார். பட்சிராஜனுக்கும் சலீம் அலிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: ஒருவர் தீர்ப்போடு புறப்படுகிறார்; மற்றவர் கேள்வியோடு புறப்பட்டார்.

அடுத்த முறை வகுப்பில் "சிட்டுக்குருவி ஏன் குறைந்தது?" என்று யாரேனும் கேட்டால், மாணவர்கள் விடை சொல்வதற்கு முன் திருப்பி ஒரு கேள்வி கேட்கட்டும்: "எந்த ஊரில் குறைந்தது சார்? யார் எண்ணிப் பார்த்தார்கள்?"